பாதிப்பு: பூஜ்யம்

கிள்ளானில் உள்ள அந்தத் தனியார் மருத்துவமனையின் பெயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை. வாசல் கம்பளத்திலிருந்து பினாயில் வாளி வரைக்கும் அது தன் பெயரைத் தானே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. பெயரைவிட அதற்குப் பெருமை, வரவேற்புக் கூடத்தில் தொங்கும் மின்பலகை. 'இங்கே ரத்தம் ஏற்றியதால் பாதிக்கப்பட்டவர்கள்' என்று மூன்று மொழிகளில் எழுதி, கீழே சிவப்பு விளக்கில் ஒரு பூஜ்யம் எரிந்துகொண்டிருக்கும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் முதலில் அறுவை அரங்குக்கும் அடுத்தபடியாக அந்தப் பூஜ்யத்துக்கும் உயிர் கொடுக்கும் என்று அங்கே வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள். கேலியாகச் சொல்வதில்லை.

அந்தப் பூஜ்யத்துக்கு நேர் கீழேதான் சலாவுதீன் தன் மனைவி மரியத்தைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு நின்றார்.

சலாவுதீனுக்குக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை. மரியம் தங்கை வீட்டு விசேஷத்துக்குக் கிள்ளானுக்கு வந்த இடத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பை முறித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த மருத்துவமனை இதுதான். அறுவை நல்லபடியாக முடிந்தது. ரத்தம் நிறையப் போய்விட்டதால் இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். மரியம் வாக்கரைப் பிடித்து நடந்து, எல்லாருக்கும் நன்றி சொல்லி, வீட்டுக்கும் வந்துவிட்டார். அடுத்த வாரம்தான் கண் மஞ்சளாயிற்று. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. கட்டிலிலிருந்து எழுந்தாலே மூச்சு வாங்கியது. கடைசியாக, மரியம் குளியலறையிலிருந்து கூப்பிட்டுக் காட்டியதைப் பார்த்துவிட்டு, சலாவுதீன் கடையை மகன் ஜாவித்திடம் விட்டுவிட்டு ஃபெடரல் ஹைவேயில் காரை விரட்டிக்கொண்டு வந்தார்.

அவசரப் பிரிவில் இருந்தவர் டாக்டர் லோகேஸ்வரி. வேலைக்குச் சேர்ந்து அதிகக் காலம் ஆகாத இளம் டாக்டர். மரியத்தின் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ஆன்டிக்கு ரத்தம் ஏத்துனாங்களா அங்கிள்?"

"ஆமா டாக்டர், இங்கதான். ஆபரேஷன் அப்போ."

"எத்தனை புள்ளைங்க?"

"மூணு. ஒண்ணு தங்கல."

டாக்டர் லோகேஸ்வரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடினார். பிறகு, பக்கத்து வீட்டு வம்பு சொல்வது போன்ற குரலில் சொன்னார்: "ஏத்துன ரத்தத்தை ஆன்டி உடம்பு ஏத்துக்கல அங்கிள். வேற ஆள்னு கண்டுபிடிச்சு, செவ்வணுவை எல்லாம் உடைச்சுப் போடுது. புள்ள பெத்தவங்களுக்குச் சில சமயம் இப்படி ஆகும். உடம்புல பழைய ஞாபகம் ஒண்ணு தூங்கிட்டு இருக்கும். ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணா தெரியாது. ஏத்துனப்புறம் அது முழிச்சிக்கும். அதான் ஒரு வாரம் கழிச்சு வருது. உடையறதுதான் கண்ணுல மஞ்சளா நிக்குது, ஒண்ணுக்குல கறுத்துப் போகுது."

சலாவுதீனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் இவ்வளவு தெரிந்த ஒருவர் கிடைத்துவிட்ட நிம்மதி முழுசாக வந்தது. "அப்ப என்ன செய்யணும் டாக்டர்?"

"ஒரு டியூப் ரத்தம் எடுத்து ரத்த வங்கிக்கு அனுப்பணும். அவங்க எது ஒத்துக்கலன்னு கண்டுபிடிச்சு, ஒத்துக்கிற ரத்தமா தேடித் தருவாங்க. கிட்னியைப் பார்த்துக்கணும். அதுவரைக்கும் பழைய மாதிரி ரத்தம் மட்டும் திரும்ப ஏத்திடவே கூடாது."

"அனுப்புங்களேன்."

"அனுப்ப முடியாது அங்கிள்."

"ஏன்?"

"நான் மெடிக்கல் ஆபீசர் லா. ரத்த ரியாக்‌ஷனை நான் கண்டுபிடிக்கலாம், சொல்லக் கூடாது. டாக்டர் சுகுமாறன்தான் சொல்லணும். ரத்தக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். அவர் சொன்னா, உடனே நானும் கண்டுபிடிச்சிடுவேன்."

டாக்டர் சுகுமாறன் அன்று கிடைக்கவில்லை. அந்த வாரம் தர அங்கீகாரக் குழு ஒன்று மருத்துவமனையைச் சோதிக்க வருவதாக இருந்தது. ரத்தம் ஏற்றும்போது நோயாளிக்கு ஏதாவது ஆனால் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பது என்று குழுவுக்குச் செய்து காட்ட வேண்டும். டாக்டர் அதற்கான ஒத்திகையில் இருந்தார். மரியத்தை மேல்மாடி வார்டில் ஒரு கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, சலாவுதீனைத் தர மேம்பாட்டுத் துறைக்குப் போகச் சொன்னார்கள்.

அங்கே இருந்தவர் மேடம் கௌசல்யா. மிகவும் மரியாதையான பெண்மணி. நாற்காலி கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார், சலாவுதீன் சொல்லி முடிக்கும்வரை புன்னகையை அசைக்காமல் கேட்டார்.

"உங்க கவலை எனக்குப் புரியுது சார். ஆனா நம்ம ஆஸ்பத்திரியில ரத்த ரியாக்‌ஷன் வர்றதில்ல."

"வந்திருக்கே மேடம்."

"வந்திருந்தா எங்களுக்கு ரிப்போர்ட் வந்திருக்கும். ரிப்போர்ட் வரல. அதனால வரல."

"யார் மேடம் ரிப்போர்ட் கொடுக்கணும்?"

"கண்டுபிடிச்ச டாக்டர்."

"யாரும் ஏன் கண்டுபிடிக்கல?"

"வராததை எப்படி சார் கண்டுபிடிப்பாங்க?" அவர் குரலில் கிண்டல் இல்லை. அடிப்படைக் கணக்கை ஒரு பிள்ளைக்குச் சொல்லித் தருகிற பொறுமைதான் இருந்தது. "எங்க சாதனையைப் பல ஆஸ்பத்திரிங்க வந்து பார்த்துட்டுப் போறாங்க. எப்படி இவ்வளவு வருஷமா பூஜ்யத்தை வச்சிருக்கீங்கன்னு கேட்பாங்க. நான் சொல்வேன், ஒரே பதில்தான். கட்டுப்பாடு. எங்க ஸ்டாஃப் கண்ணுல கண்டதை எல்லாம் ரியாக்‌ஷன்னு எழுத மாட்டாங்க."

சலாவுதீனுக்கு வேறு வழி தெரியவில்லை. "ஒண்ணுக்கு கறுப்பா போகுது மேடம். நான் பார்த்தேன். தே ஓ மாதிரி."

மேடம் கௌசல்யா மேசையிலிருந்து நிற அட்டை ஒன்றை எடுத்தார். வைக்கோல் நிறம், தேன் நிறம், செங்கல் நிறம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. "எங்க ஸ்டாண்டர்டுல தே ஓங்கிற நிறம் இல்ல சார். அது பானம்."

"பால் ஊத்தாத டீ மேடம். அந்த நிறம்."

"சூடாவா, ஐஸ் போட்டா? ஐஸ் போட்டா நிறம் இறங்கிடும் இல்லையா? பாருங்க, இப்படித்தான் பீதி கிளம்புது. அளவுகோல் இல்லாம நாங்க எதையும் ஏத்துக்க முடியாது." அட்டையைப் பத்திரமாக உள்ளே வைத்தார். "ஆன்டிக்கு என் அன்பைச் சொல்லுங்க."

மறுநாள் டாக்டர் சுகுமாறன் வார்டுக்கு வந்தார். உயரமானவர், நேர்த்தியான டை. மரியத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கணினித் திரையைப் பார்த்தார். பார்த்த பிறகு மரியத்தைப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை.

"ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. ரத்தம் ஏத்தணும்."

"போன வாரம் ஏத்துனீங்களே டாக்டர், அது எங்க போச்சு?" என்று கேட்டார் சலாவுதீன்.

டாக்டர் சுகுமாறன் அந்தக் கேள்வியைப் பாராட்டுவதுபோல் தலையசைத்தார். "நல்ல கேள்வி. ஆனா அது ஆராய்ச்சி. ரத்தம் ஏத்துறது வைத்தியம். குறைஞ்சா ஏத்தணும், மறுபடி குறைஞ்சா மறுபடி ஏத்தணும். இதைத்தான் நான் நாடு நாடாப் போய் பேசுறேன்."

அப்போது அவர் பின்னால் நின்றிருந்த டாக்டர் லோகேஸ்வரி, தன் செருப்பின் நுனியைப் பார்த்துக்கொண்டு, "டாக்டர், ஆன்டிபாடி டெஸ்ட் ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"புது பைக்குத்தான் புது டெஸ்ட் தேவை" என்றார் டாக்டர் சுகுமாறன். "இவங்க ஆபரேஷனுக்குன்னு பொருத்தம் பார்த்து எடுத்து வச்ச பை ஒண்ணு மீதி இருக்கு. அதை வீணாக்கலாமா? ரத்தத்தை வீணாக்காத ஆஸ்பத்திரின்னு நமக்கு இன்னொரு விருதும் இருக்கு. மறந்திடாதீங்க."

லோகேஸ்வரி மறக்கவில்லை என்று சொல்லிவிட்டு, மறுபடியும் செருப்பைப் பார்த்தார்.

சலாவுதீன் சும்மா இருந்துவிடவில்லை. கடிதம் வாங்கிக்கொண்டு கோலாலம்பூரில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போகலாம் என்று பார்த்தார். கடிதம் உடனே கிடைத்தது. நோயாளி நல்லபடியாகத் தேறி வருகிறார் என்று அதில் இருந்தது. அங்கே போன் செய்து படித்துக் காட்டினார். "நல்லா தேறி வர்றவங்களை ஏன் பாஸ் இங்க அனுப்புறாங்க? இங்க கட்டிலே இல்ல" என்று கேட்டார்கள். அவர்களுடைய கேள்வியிலும் நியாயம் இருந்தது. எல்லாருடைய பேச்சிலும் நியாயம் இருந்தது. மரியத்தின் கண் மட்டும் மேலும் மஞ்சளாகிக்கொண்டே போனது.

"என்னங்க சொல்றாங்க?" என்று மரியம் கேட்டார்.

"நீ நல்லா இருக்கியாம்."

"அப்படியா?" என்றார் மரியம். ஒரு வார்த்தைக்கே மூச்சு வாங்கியது. "முன்னாடியே சொல்லியிருக்கலாம் லா."

ஒத்திகை வேலைகளில் மரியத்துக்கு ரத்தம் ஏற்றுவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. குழு வந்த அன்று வார்டு பூ வாசனையாக இருந்தது. மரியத்துக்குப் பக்கத்துக் கட்டிலில் தம்புசாமி படுத்திருந்தார். அவர் நோயாளி அல்ல. மருத்துவமனைக் கிடங்கில் வேலை பார்ப்பவர். தீப்பிடிக்கும் ஒத்திகையில் கருகியவராகவும், பிரசவ ஒத்திகையில் பதறும் கணவராகவும், இப்படிப் பல வருடங்களாக அங்கே நடித்துப் பழகியவர். அவர் கையில் குழாயை ஒட்டி, சிவப்புச் சாயத் தண்ணீர்ப் பையை மாட்டியிருந்தார்கள். கட்டிலுக்கடியில் ஒரு கண்ணாடிக் குடுவை. அதில் சிறுநீருக்குப் பதிலாகக் கேன்டீனிலிருந்து வாங்கி வந்த தே ஓ.

குழுவினர் வந்து நின்றதும் தம்புசாமி வேலையை ஆரம்பித்தார்.

"ஐயோ மிஸ்ஸி! குளிருது! முதுகு பிளக்குது! எனக்கு என்னமோ ஆகப் போகுது மிஸ்ஸி!"

நர்ஸ் புஷ்பவல்லி ஓடி வந்தார். டாக்டர் சுகுமாறன் அதைவிட வேகமாக ஓடி வந்தார். குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"கருமையான சிறுநீர்! செவ்வணுக்கள் உடைகின்றன! நிறுத்து ரத்தத்தை!"

தம்புசாமி மூன்றாவது முறை முனகுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கைதட்டல் எழுந்தது. மேடம் கௌசல்யா நேரத்தைப் படித்தார், சாதனை நேரமாம். திரைக்கு இந்தப் பக்கம் சலாவுதீன் எழுந்து நின்றார்.

"டாக்டர், இதேதான் டாக்டர்! என் வீட்டுக்காரிக்கும் இதே நிறம்தான். வந்து பாருங்க."

"சார், ஒத்திகை முடிஞ்சிடுச்சு" என்று மேடம் கௌசல்யா அவர் தோளை மென்மையாகத் தொட்டார். "அதுல பேஷண்ட் ஒருத்தர்தான்."

தம்புசாமி எழுந்து உட்கார்ந்து, குடுவையை வாயில் வைத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "சீனி கம்மி" என்றார்.

ஆனால் குழுவின் தலைவர், நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக இருந்தவர், ஒரு சிக்கலைக் கிளப்பினார். நீங்கள் செய்து காட்டியது உடனே வரும் பாதிப்பு. சில நாள் கழித்து, நோயாளி வீட்டுக்குப் போன பிறகு வருவது ஒன்று இருக்கிறது. அதைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். நாளைக் காலை அதைச் செய்து காட்டுங்கள் என்றார்.

மருத்துவமனை கலங்கிப் போயிற்று. தம்புசாமிக்குக் குளிரும் வரும், முதுகுவலியும் வரும். கண் மஞ்சளாக வராது. மஞ்சள் தூளைக் கரைத்துப் பார்த்தார்கள். கண் சிவந்து, அவர் நிஜமாகவே அலறினார். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கல்யாண ஒப்பனைக்காரர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் கன்னத்தைத் தங்க நிறமாக்கினார், கண்ணுக்குள் போக மறுத்துவிட்டார். சாயங்காலம் மேடம் கௌசல்யா பழக்கூடை ஒன்றைச் சுமந்துகொண்டு மரியத்தின் கட்டிலுக்கு வந்தார்.

"சார், ஆன்டியால நமக்கு ஒரு உதவி ஆகணும். கண்ணு அவ்வளவு தத்ரூபமா இருக்கு."

சலாவுதீன் பழக்கூடையை வாங்கி ஓரமாக வைத்தார். "நடிச்சா, டாக்டர் வந்து பார்ப்பாரா?"

"பார்க்கணும் சார். குழு முன்னாடியே."

"டியூப்ல ரத்தம் எடுப்பாங்களா?"

"எல்லாம் அப்படியே நடக்கும் சார். ஒண்ணு கூட விட்டுப் போகாது. ஒத்திகையில நாங்க எதையும் விடறதில்ல."

சலாவுதீன் சம்மதித்தார். அவர் சம்மதித்ததை மருத்துவமனையின் செய்தி மடலில் போடுவதற்காக ஒரு வாசகமும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் புஷ்பவல்லி மீதி இருந்த அந்த நிஜ ரத்தப் பையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வந்து, மரியத்தின் தலைமாட்டில் மாட்டினார். அன்று ஏற்றச் சொல்லி டாக்டரின் உத்தரவு இருந்தது. காட்சிக்கும் பொருத்தமாக இருந்தது. குழாயை மூடியே வைத்தார். மரியத்தின் கழுத்தில் 'லத்திஹான்' என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டார்கள். பயிற்சி என்று அர்த்தம்.

"நான் என்ன வசனம் சொல்லணும்?" என்று மரியம் கேட்டார்.

"உங்களுக்கு என்ன செய்யுதோ அதைச் சொல்லுங்க ஆன்டி" என்றார் மேடம் கௌசல்யா. "ஆனா கொஞ்சம் சத்தமா."

குழு வந்தது. மரியம், மூச்சு முட்டுகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது, ஆபரேஷனுக்கு அப்புறம் நன்றாகத்தான் இருந்தேன் என்று சொன்னார். சத்தமாகச் சொல்ல முடியவில்லை. டாக்டர் சுகுமாறன் குனிந்து, முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். இமையை இழுத்தார். வயிற்றைத் தொட்டார். பிறகு நிமிர்ந்து, குழுவைப் பார்த்துத் தெளிவாகப் பேசினார்.

"கண் மஞ்சள். சிறுநீர் கருமை. காய்ச்சல். ரத்தம் ஏற்றிய பிறகும் அளவு இறங்குகிறது. காரணமில்லாமல் இறங்கும் ரத்தத்துக்கு மேலே ரத்தம் ஏற்றுகிறவன் மடையன். இது ஏற்றிய ரத்தத்தை உடம்பே உடைப்பது. இந்தப் பையை ஏற்றக் கூடாது. புது ரத்த மாதிரி எடுத்து ரத்த வங்கிக்கு அனுப்புங்கள். பொருந்துகிற ரத்தம் வரும்வரை சிறுநீரகத்தைக் கவனியுங்கள்."

ஒரு சொல் பிழையில்லை. டாக்டர் லோகேஸ்வரி திரைக்குள் ரகசியமாகச் சொன்னது அத்தனையும் இப்போது பத்துப் பேர் முன்னால் வெளிச்சத்தில் வந்துவிட்டது. சலாவுதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரியம் அவர் பக்கம் திரும்பி, "பார்த்தீங்களா, இவருக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருக்கு" என்றார்.

புஷ்பவல்லி ரத்தம் எடுத்தார். குழுத் தலைவர் மரியத்தின் கையைப் பிடித்து, இவ்வளவு இயல்பான நடிப்பை எந்த மருத்துவமனையிலும் பார்த்ததில்லை என்றார். நோயாளி குணமடைந்தார் என்று மேடம் கௌசல்யா அறிவித்தார். கைதட்டினார்கள். எல்லாரும் அடுத்த மாடிக்குத் தேநீருக்குப் போனார்கள்.

புஷ்பவல்லி மரியத்தின் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினார். ரத்தம் எடுத்த டியூபிலும் 'லத்திஹான்' என்று ஒட்டியிருந்தது. அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார். பிறகு பையின் குழாயைத் திறக்கக் கையை உயர்த்தினார்.

"மிஸ்ஸி! என்ன செய்றீங்க?"

"ரத்தம் ஏத்துறேன் அங்கிள்."

"டாக்டர் இப்பதானே கூடாதுன்னு சொன்னாரு! எல்லார் முன்னாடியும் சொன்னாரே!"

"அது பயிற்சி ஆன்டிக்கு அங்கிள்." புஷ்பவல்லிக்கு அவர்மேல் உண்மையாகவே இரக்கமாக இருந்தது. "இது நிஜ ஆன்டிக்கு. காலையிலேயே போட்ட ஆர்டர். மாத்தல."

குழாய் திறந்தது. சிவப்பு, பைக்குக் கீழே இருந்த சொட்டுக் குமிழுக்குள் இறங்கி, ஒரு சொட்டு உருண்டு நின்றது.

சலாவுதீன் யோசித்துச் செய்யவில்லை. பையிலிருந்து மனைவியின் கைக்குப் போகிற குழாயை எட்டிப் பிடித்து, இரண்டாக மடித்து, விரல்களுக்குள் இறுக்கிக்கொண்டார். சொட்டு நின்றுவிட்டது.

"கையை எடுங்க அங்கிள்."

"எடுக்க மாட்டேன்."

"எடுக்கணும் அங்கிள்."

"எடுக்க மாட்டேன் மிஸ்ஸி. நீங்க நல்ல புள்ள. ஆனா எடுக்க மாட்டேன்."

புஷ்பவல்லி மேலதிகாரிக்குப் போன் செய்தார். நோயாளியின் கணவர் குழாயை மடித்துப் பிடித்தால் என்ன செய்வது என்று மேலதிகாரி கேட்டார். புஷ்பவல்லிக்குத் தெரியவில்லை. மேலதிகாரிக்கும் தெரியவில்லை. பாதுகாப்புக்காரர் வந்து பார்த்தார். சண்டை போடுகிறவரையும் திருடுகிறவரையும் தொடலாம், குழாய் பிடிக்கிறவரைத் தொடலாமா என்று தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார். மேடம் கௌசல்யாவுக்குச் செய்தி போயிற்று. குழு கட்டடத்துக்குள் இருக்கும்போது குடும்பத்தார்மேல் கை வைக்கக் கூடாது என்று அவர் சொல்லி அனுப்பினார். விதி எதுவும் இல்லை. விதி செய்ய வேண்டும். மதிய உணவுக்குப் பிறகு கமிட்டி கூடும். அதுவரைக்கும் ஒருவரும் அவர் விரலைத் தொட வேண்டாம்.

டாக்டர் லோகேஸ்வரி, மருந்தைத் தேடுகிறவர் மாதிரி அலமாரிப் பக்கம் வந்து நின்றார். தலையைத் திருப்பாமல் பேசினார்.

"ரத்தப் பை வெளிய இருக்க ஒரு நேரம் இருக்கு அங்கிள். அது தாண்டிட்டா ஏத்தக் கூடாது, தூக்கித்தான் போடணும். அதுக்கு விதி இருக்கு."

"தூக்கிப் போட்டா?"

"அடுத்த பைக்குப் புது டியூப் எடுத்தே ஆகணும். அது நிஜ டியூப். ரத்த வங்கியே பார்த்துக் கண்டுபிடிச்சிடும். இங்க யாரும் எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்."

"எப்ப தாண்டும் டாக்டர்?"

"கமிட்டி கூடினா வழக்கமா சாயங்காலம் ஆயிடும்" என்று சொல்லிவிட்டு, அவர் அலமாரியைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

மரியம் தலையணையில் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார்.

"கை வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"நீ தூங்கு புள்ள."

எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. சலாவுதீன் அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் மெதுவாகும் என்று பட்டது. மடித்த குழாய் துளியும் நெகிழாதபடி, வலது கை விரல்களுக்குக் கீழே இடது கை விரல்களைக் கொண்டுவந்து வைத்து, கையை மாற்றிக்கொண்டார்.